கொடைக்கானலை டைப் செய்யலாம்... சைகையை டைப் செய்ய முடியுமா?

உங்கள் போனில் 'கொடைக்கானல்' என்று டைப் செய்து பாருங்கள். நம் கண்ணுக்கு 6 எழுத்து. ஆனால் போன் சேமித்து வைப்பது 11 யூனிகோட் குறிகளை. 'கொ'வில் ஒகரக் குறி ஒன்றுதான்; அது 'க'வின் இரண்டு பக்கமும் பிரிந்து நிற்கிறது. 'டை'யில் ஐகாரக் குறி 'ட'வுக்குப் பின்னால் சேமிக்கப்பட்டாலும் முன்னால் தெரிகிறது. எது எங்கே நிற்கணும் என்பது மாறாத விதி. அதனால் ஃபான்ட்டே பார்த்துக்கொள்கிறது.

சரி, அதே கொடைக்கானலில் காது கேளாத ஒருவர் கைகளால் பேசுவதை இப்படி எழுத்தாக அனுப்ப முடியுமா? பாதி முடியும்.

சைகைக்கு எழுத்து இருக்கா?

இருக்கு. பெயர் சைன்ரைட்டிங். உருவாக்கியவர் அமெரிக்காவின் வேலரி சட்டன். டென்மார்க்கில் பாலே நடனம் கற்கப் போனவர், நடன அசைவுகளை எழுதிவைக்க ஒரு முறையை உருவாக்கினார். அதைப் பார்த்த கோபன்ஹேகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சைகைகளையும் எழுதித் தர முடியுமா என்று கேட்டார்கள். இது 1974ல். கை வடிவம், அசைவு, முகபாவம் எல்லாவற்றுக்கும் இதில் குறி உண்டு. உள்ளங்கை என்றால் வெள்ளை, புறங்கை என்றால் கறுப்பு. பிரேசிலில் இந்த எழுத்தோடு சைகை மொழி அகராதியே வந்திருக்கிறது.

யூனிகோடில் சேர்ந்தாச்சா?

2015 ஜூனில் வெளியான யூனிகோட் 8.0ல் 672 குறிகள் சேர்ந்தன. அடிப்படைக் குறிகள் 652. மீதி 20 குறிகள், கையின் எந்தப் பக்கம் தெரிகிறது, எந்தத் திசையில் திரும்பியிருக்கிறது என்று சொல்பவை. ஒரு கை வடிவத்துக்கு ஒரே எண் போதும். திருப்பிப் போடுவதற்கெல்லாம் தனித்தனி எண் வேண்டாம். நம் உயிர்மெய் மாதிரிதான்.

அப்புறம் என்ன சிக்கல்?

இடம். அமெரிக்க சைகை மொழியில் ஐந்து விரலையும் விரித்து, கட்டைவிரலை நெற்றியில் வைத்தால் அப்பா. அதே கையைத் தாடையில் வைத்தால் அம்மா. கை எங்கே இருக்கிறது என்பதை வைத்துத்தான் அர்த்தம். முகத்தைச் சுற்றி அது எங்கே வேண்டுமானாலும் வரலாம் என்பதால், 'கொ' மாதிரி ஒரு விதி போட்டு ஃபான்ட்டிடம் ஒப்படைக்க முடியாது. குறிகளின் இட அமைப்பு இந்த எழுத்துக்கு அவசியம், ஆனால் அது தங்கள் எல்லைக்கு வெளியே என்று யூனிகோட் ஆவணமே சொல்கிறது. அதாவது துண்டுகள் கிடைத்தன, கோக்கும் முறை கிடைக்கவில்லை. சைன்ரைட்டிங் பயன்படுத்துவோர் இதற்குத் தனி வழி வைத்திருக்கிறார்கள்: ஒவ்வொரு குறியோடும் அது நிற்க வேண்டிய இடத்தையும் எண்ணாக எழுதி, சாதாரண ஆங்கில எழுத்து வரியாகச் சேமிக்கிறார்கள். அதைப் படமாக்கிக் காட்டத் தனி மென்பொருள் வேண்டும்.

இந்தியாவில்?

சைன்ரைட்டிங் இங்கே பரவவில்லை. வீடியோ கால் இருக்கும்போது எழுத்து எதற்கு என்ற கேள்வியும் நியாயம்தான். இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையத்தின் அகராதி 2018ல் 3,000 சொற்களோடு வந்தது. 2021ல் 10,000 ஆனது. எல்லாமே வீடியோ. ஒரு சொல்லுக்கு என்ன சைகை என்று பார்க்க அருமையான வசதி. ஆனால் தெரியாத ஒரு சைகையைப் பார்த்த குழந்தை, அதற்கு என்ன அர்த்தம் என்று எதை டைப் செய்து தேடும்?

உங்கள் போனில் இந்தக் குறிகள் வெறும் கட்டமாகத் தெரிந்தால், ஃபான்ட் இல்லை என்று அர்த்தம். கூகுளின் நோட்டோ வரிசையில் இலவசமாகவே கிடைக்கிறது. கை வடிவங்கள் தெரியும். ஆனால் வரிசையாக, ஒன்றன்பின் ஒன்றாகத்தான்.