கார்ல்சுபெர்க்

கார்ல்சுபெர்க் டென்மார்க்கின் கோப்பன்ஹேகன் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட பன்னாட்டு பியர் தயாரிப்பு நிறுவனம் ஆகும்.

வரலாறு

1847 ஆம் ஆண்டு ஜே. சி. யாக்கப்சன் கோப்பன்ஹேகனை அடுத்த வால்பி பகுதியில் இவ்வாலையை நிறுவி, தன் மகன் கார்லின் பெயரை அதற்கு இட்டார். பின்னர் தந்தைக்கும் மகனுக்கும் பிணக்கு ஏற்பட்டது. கார்ல் தனி ஆலை நடத்தினார். 1887 இல் மறைந்த யாக்கப்சன், தம் ஆலையை மகனுக்கு அளிக்காமல், 1876 இல் தாம் தொடங்கிய கார்ல்சுபெர்க் அறக்கட்டளைக்கு விட்டுச் சென்றார். 1902 இல் கார்லும் தம் ஆலையை அதே அறக்கட்டளைக்கு அளித்தார். 1906 இல் இரு ஆலைகளும் ஒன்றிணைந்தன. 1970 இல் டுபோர்க் நிறுவனம் இதனுடன் இணைந்தது.

ஆய்வகம்

1875 இல் ஆய்வகம் ஒன்று நிறுவப்பட்டது. அக்காலத்தில் வேற்று ஈஸ்ட் கலப்பதால் பியர் அடிக்கடி கெட்டது. 1883 இல் இங்கு பணியாற்றிய எமில் கிறிஸ்டியன் ஹான்சன், ஒரே வகை ஈஸ்ட்டைத் தனியே பிரித்து வளர்க்கும் முறையை உருவாக்கினார். யாக்கப்சன் இதனை மறைத்து வைக்காமல் பிற ஆலைகளுக்கும் வழங்கினார். 1909 இல் இங்கு பணியாற்றிய சோரன்சன் பி.எச். அளவீட்டை அறிமுகப்படுத்தினார்.

வணிகம்

நிறுவனத்தின் வாக்குரிமையில் பெரும்பான்மை இன்றும் அறக்கட்டளையிடமே உள்ளது. அதற்குக் கிடைக்கும் பங்கு ஈவு அறிவியல் ஆய்வுகளுக்குச் செலவிடப்படுகிறது. 2023 இல் இதன் உருசியக் கிளையான பால்டிகாவை உருசிய அரசு தன் தற்காலிக மேலாண்மையின் கீழ்க் கொண்டுவந்தது. 2024 இல் அக்கிளை விற்கப்பட்டது.