அரை நாளில் கொழும்பு: ஒரு டுக் டுக் பயணமும் ஒரு தெருவின் பெயரும்



எழுத வேண்டும் எழுத வேண்டும் என்று நினைத்துத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த கட்டுரை இது. 2023 டிசம்பர் விடுமுறையில் கொழும்பில் வேலை பார்க்கும் மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். "நீ வரலாறு படிக்கிறவன்தானே, வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து என்ன பண்ணப் போறே?" என்று சொல்லி, மாமா அரை நாள் டுக் டுக் சுற்றுலா ஒன்றுக்கு ஏற்பாடு செய்துவிட்டார். காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் பன்னிரண்டுக்குள் ஊரைச் சுற்றிக் காட்டிவிட்டுக் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். ஓட்டுநரே வழிகாட்டி. என்னைத் தவிர வேறு பயணி இல்லை.

டுக் டுக் என்றால் வேறு ஒன்றுமில்லை, நம்ம ஆட்டோதான். என்ஜின் போடும் சத்தத்தை வைத்துத் தாய்லாந்துக்காரர்கள் வைத்த பெயர் அது. இலங்கையில் அரசாங்கப் பலகைகளில் 'முச்சக்கர வண்டி' என்று எழுதுகிறார்கள். ஊர்க்காரர்கள் 'த்ரீவீல்' என்கிறார்கள். எங்களைப் போல வந்து போகிறவர்களுக்கு மட்டும் அது 'டுக் டுக்'. ஒரு வண்டிக்கு மூன்று பெயரா என்று அப்போது சிரித்தேன். அந்த ஊரே அப்படித்தான் என்பது போகப் போகத்தான் புரிந்தது. இந்தக் கட்டுரையும் அதைப் பற்றித்தான்.

கோட்டை இல்லாத கோட்டை

முதலில் போனது கோட்டைப் பகுதி. ஆங்கிலத்தில் ஃபோர்ட், சிங்களத்தில் கொட்டுவ, தமிழில் கோட்டை. மூன்று மொழியிலும் ஒரே பொருள். ஆனால் இறங்கிப் பார்த்தால் கோட்டையைக் காணோம்! வங்கிகள், பழைய வணிகக் கட்டடங்கள், நடுத்தெருவில் 1857-இல் கட்டிய மணிக்கூண்டு எல்லாம் இருக்கின்றன. மதில் எங்கே அண்ணா என்று கேட்டேன். "அது வெள்ளைக்காரன் காலத்திலேயே உடைச்சிட்டாங்க தம்பி" என்றார் ஓட்டுநர்.

கதை இதுதான். போர்த்துக்கீசியர்கள் 1505-இல் இலங்கைக்கு வந்தார்கள், பிறகு கொழும்பில் கோட்டை கட்டினார்கள். 1656-இல் டச்சுக்காரர்கள் பல மாத முற்றுகைக்குப் பிறகு அதைப் பிடித்தார்கள். 1796-இல் அது ஆங்கிலேயர் கைக்குப் போனது. இனி எதிரி யாரும் வரப்போவதில்லை, ஊரும் பெருகுகிறது என்று 1869-க்குப் பிறகு ஆங்கிலேயர்களே மதில்களை இடித்துத் தள்ளினார்கள். மதில் போய் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. பெயர் மட்டும் மூன்று மொழியிலும் நிற்கிறது. கல்லை விடப் பெயர் கெட்டியானது போலிருக்கிறது :-)

பேட்டையும் செட்டியார் தெருவும்

கோட்டைக்கு வெளியே இருப்பது புறக்கோட்டை. சிங்களத்தில் பிட்டகொட்டுவ, அதற்கும் 'கோட்டைக்கு வெளியே' என்றுதான் அர்த்தம். ஆங்கிலத்தில் மட்டும் 'பெட்டா'. இது என்ன புதுச் சொல் என்று பார்த்தால், நம்முடைய 'பேட்டை'தான்! சிந்தாதிரிப்பேட்டை, சைதாப்பேட்டை என்று நாம் சொல்கிற அதே பேட்டை. தமிழ்நாட்டில் கோட்டைக்கு வெளியே இருந்த கடைத்தெருக்களை ஆங்கிலேயர்கள் அப்படி அழைத்துப் பழகி, அந்தச் சொல்லைக் கொழும்புக்கும் கொண்டுபோய்விட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், கொழும்பில் இருக்கும் தமிழர்கள் பேட்டை என்று சொல்வதில்லை, புறக்கோட்டை என்கிறார்கள். தமிழ்ச் சொல் ஆங்கிலப் பெயராகிவிட்டது.

பேட்டைக்குள் டுக் டுக் நகரவே இல்லை. தலையில் மூட்டை, தள்ளுவண்டி, லாரி, எங்கு பார்த்தாலும் கூட்டம். சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை பட்டையாக ஒரு பள்ளிவாசல் தெரிந்தது. 1908-இல் தொடங்கிக் கட்டியது. தென்னிந்தியாவிலிருந்து வந்த முஸ்லிம் வணிகர்கள் முன்னின்று கட்டியதாம். அடுத்து செட்டியார் தெரு. தமிழில் செட்டியார் தெரு, சிங்களத்தில் ஹெட்டி வீதிய (செட்டிதான் ஹெட்டியாகிவிட்டது), ஆங்கிலத்தில் 'கடல் தெரு' என்று பொருள்படும் சீ ஸ்ட்ரீட். அங்கே யார் இருந்தார்கள் என்பதைத் தமிழும் சிங்களமும் நினைவு வைத்திருக்கின்றன. ஆங்கிலேயனுக்குக் கடல் மட்டும்தான் கண்ணில் பட்டிருக்கிறது. இன்றும் அந்தத் தெருவில் வரிசையாக நகைக்கடைகள், நடுவே கதிரேசன் கோயில்கள்.

பெயர் விளையாட்டு எனக்குப் பிடித்துப்போனது. வழிநெடுக "இதுக்குத் தமிழ்ல என்ன அண்ணா, சிங்களத்துல என்ன?" என்று கேட்டுக்கொண்டே வந்தேன். அவரும் சலிக்காமல் சொன்னார். நீதிமன்றங்கள் இருக்கும் இடம் ஆங்கிலத்தில் ஹல்ஃப்ஸ்டார்ப். 1656 முற்றுகையில் செத்துப்போன டச்சுத் தளபதி ஹல்ஃப்டின் பெயர் அது. தமிழில் புதுக்கடை, சிங்களத்தில் அதே பொருளில் அளுத்கடே. தளபதியை ஆங்கிலம் நினைக்கிறது, கடையை மக்கள் நினைக்கிறார்கள்.

இன்னொன்று வுல்வெண்டால் தேவாலயம். டச்சுக்காரர்கள் 1749-இல் கட்டத் தொடங்கியது. டச்சு மொழியில் 'ஓநாய்ப் பள்ளத்தாக்கு' என்று பொருள். இலங்கையில் ஓநாயே கிடையாது! அந்த இடத்தில் முன்பு போர்த்துக்கீசியர்களின் குவாதலூப்பே மாதா கோயில் இருந்தது. அந்த 'லூப்பே'யை டச்சுக்காரர்கள் ஓநாய் என்று புரிந்துகொண்டு மொழிபெயர்த்துவிட்டார்கள் என்பதுதான் பொதுவாகச் சொல்லும் விளக்கம். மாதா ஓநாயான கதை.

இதுவரை எல்லாமே சிரிப்புதான். சிரிப்பு நின்றது அடுத்த இடத்தில்.

அடிமைத் தீவு

பெய்ரா ஏரிக் கரைக்கு வந்தோம். "இது எங்க ஏரியா தம்பி" என்றார் ஓட்டுநர். அவர் மலாய்க்காரர் என்பது அப்போதுதான் தெரிந்தது. டச்சுக்காரர்கள் ஜாவா பக்கமிருந்து சிப்பாய்களாகவும், நாடு கடத்தப்பட்டவர்களாகவும், அடிமைகளாகவும் கொண்டுவந்தவர்களின் வழிவந்த சமூகம் அது. ஆங்கிலேயர் காலத்திலும் மலாய்ப் படைப்பிரிவு இருந்தது, 1873 வாக்கில் கலைத்தார்கள். அந்தப் பகுதியில் மலாய் வீதி, ஜாவா சந்து, ரைஃபிள் வீதி என்றெல்லாம் தெருக்கள் இருக்கின்றன. 1786-இல் தோன்றிய வேகந்தைப் பள்ளிவாசலையும், கொஞ்சம் தள்ளி ஒரு முருகன் கோயிலையும் காட்டினார்.

இந்தப் பகுதியின் பெயர் தமிழில் கொம்பனித்தெரு. சிங்களத்தில் கொம்பஞ்ஞவீதிய. நம்மூரில் கும்பினி ஆட்சி என்று சொல்வோமே, அதே கும்பினிதான். அது கிழக்கிந்தியக் கம்பெனியா, படைப்பிரிவின் 'கம்பெனி'யா என்று இரண்டு விதமாகவும் சொல்கிறார்கள். ஆங்கிலத்தில் இந்த இடத்தின் பெயர் ஸ்லேவ் ஐலண்ட். அடிமைத் தீவு.

ஓட்டுநர் வழக்கமாகச் சொல்லும் கதையைச் சொன்னார். டச்சுக்காரர்கள் ஆப்பிரிக்க அடிமைகளைப் பகலில் கோட்டையில் வேலை வாங்குவார்கள். ஒருமுறை ஒரு டச்சுக் குடும்பத்தை அடிமைகள் கொன்றுவிட்டார்களாம். அதிலிருந்து இரவானால் எல்லோரையும் படகில் ஏற்றி, ஏரிக்கு நடுவில் இருந்த இந்த மேட்டில் விட்டுவிடுவார்கள். ஏரியில் முதலை. அதனால் காவல் தேவையில்லை.

முதலைக் கதையில் எவ்வளவு உண்மை, எவ்வளவு சேர்க்கை என்று சொல்ல முடியாது. ஆனால் பேட்டை வாசலுக்கு இன்றும் கேமன்ஸ் கேட் என்று பெயர். டச்சு மொழியில் கேமன் என்றால் முதலை.

வீட்டுக்கு வந்த பிறகு இதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். ஆப்பிரிக்கர்கள் இருந்தது உண்மை. அவர்களின் வழிவந்த சிறு சமூகம் ஒன்று இன்றும் புத்தளம் அருகே வாழ்கிறது. ஆனால் டச்சுக் கொழும்பின் அடிமைகள் ஆப்பிரிக்கர்கள் மட்டுமல்ல. 1694 கணக்கின்படி கொழும்பு நகருக்குள் வாழ்ந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் அடிமைகள். இவ்வளவு பேர் எங்கிருந்து வந்தார்கள்?

பதில் என் ஊரில் இருந்தது. நான் நாகப்பட்டினத்துக்காரன்.

1658-இல் டச்சுக்காரர்கள் நாகப்பட்டினத்தைப் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடித்தார்கள். அடுத்த ஆண்டே பீஜப்பூர்ப் படைகள் தஞ்சை நாட்டுக்குள் புகுந்து சூறையாடின. விஜயராகவ நாயக்கர் காலம் அது. வயல் அழிந்தது, பஞ்சம் வந்தது. சாப்பாட்டுக்கு வழியில்லாமல் மக்கள் பிள்ளைகளை விற்றார்கள், தங்களையே விற்றார்கள். 1659 முதல் 1661 வரை நாகப்பட்டினம், பழவேற்காடு போன்ற துறைகளில் டச்சுக் கம்பெனி வாங்கிய அடிமைகள் 8,000 முதல் 10,000 பேர் என்று வரலாற்று ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். சிறு பகுதியினர் பத்தாவியாவுக்கும் மலாக்காவுக்கும் போனார்கள். பெரும்பாலோரைக் கப்பலேற்றியது இலங்கைக்குத்தான். அங்கே கோட்டை வேலை, வயல் வேலை, வீட்டு வேலை.

நம் பாடப்புத்தகத்தில் டச்சுக்காரர்கள் என்றால் மிளகு, துணி, தரங்கம்பாடிக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள், அவ்வளவுதான். எங்கள் ஊரில் அவர்கள் 1774-இல் கட்டிய தேவாலயத்தைத் தாண்டித்தான் நான் பள்ளிக்கூடம் போனேன். அந்தத் துறையிலிருந்து ஆட்கள் ஏற்றுமதியானார்கள் என்று எந்த வாத்தியாரும் சொன்னதில்லை. கடல் தாண்டி ஒரு டுக் டுக்கில் உட்கார்ந்த பிறகுதான் தேடத் தோன்றியது.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஏரித் தீவில் இரவு படுத்தவர்களில் இன்னார் நாகப்பட்டினத்துக்காரர் என்று காட்ட என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை. ஆனால் 'ஆப்பிரிக்க அடிமைகள்' என்று மட்டும் கேட்டபோது அது யாரோ ஒருவர் கதையாக இருந்தது. இப்போது அப்படி இல்லை.

பெயர் போனால் போகட்டுமா?

இலங்கையில் அடிமை முறை சட்டப்படி முழுதாக ஒழிந்தது 1844-இல். பெயர் அதற்குப் பிறகும் நீண்ட காலம் தங்கியது. 2022-இல் இலங்கை அரசு ஆங்கிலத்திலும் ஸ்லேவ் ஐலண்ட் வேண்டாம், கொம்பஞ்ஞவீதிய என்றே எழுத வேண்டும் என்று முடிவு செய்தது. நான் போனபோது சில கடைப் பலகைகளில் பழைய பெயர் இன்னும் இருந்தது.

அதைப் பார்த்து, "பழைய பெயரே இருந்திருக்கலாமே அண்ணா, வரலாறு ஆச்சே" என்றேன், பெரிய மேதாவி மாதிரி. அவர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். "தம்பி, நீங்க அரை நாள்ல போயிருவீங்க. எங்க பிள்ளைகள் வேலைக்கு எழுதிப் போடுறப்போ முகவரியில அடிமைத் தீவுன்னு எழுதணுமா?"

என்னிடம் பதில் இல்லை. இன்று யோசித்தாலும் அவர் சொன்னதில் தவறு தெரியவில்லை. ஒரு பெயரைச் சுமந்து வாழ்கிறவருக்குத்தான் அது வேண்டுமா வேண்டாமா என்று சொல்லும் முதல் உரிமை.

ஆனால் ஒரு விஷயம் உறுத்துகிறது. நீக்கிய பெயரில் அடிமை இருந்தான். மிஞ்சிய பெயரில் இருப்பது கம்பெனி. ஆட்களை விலைக்கு வாங்கியவனின் பெயர் மூன்று மொழியிலும் நிற்கும், விற்கப்பட்டவர்களைக் குறித்த ஒரே சொல்லும் போய்விட்டது. மதில் போன பிறகும் 'கோட்டை' என்ற பெயர் கோட்டையை நினைவில் வைத்திருக்கிறது. செட்டியார் தெரு செட்டியார்களை வைத்திருக்கிறது. ஓநாய் இல்லாத ஊரில் ஓநாய்க்குக் கூடப் பெயர் இருக்கிறது. இவர்களுக்கு இருந்தது அந்த ஒரு சொல்தான்.

ஆகவே என் கருத்து இது. பலகையில் பெயரை மாற்றியது சரி. மாற்றிய இடத்தில் ஏரிக்கரையோரம் ஒரு கல் வைக்க வேண்டும். யார் கொண்டுவரப்பட்டார்கள், எங்கிருந்து வந்தார்கள், எந்த ஆண்டு விடுதலை ஆனார்கள் என்று மூன்று மொழியிலும் நாலு வரி போதும். ஓட்டுநர் பிள்ளைகளின் முகவரியும் தப்பிக்கும், இறந்தவர்களும் மறைய மாட்டார்கள்.

கொழும்புக்காரர்களுக்கு மட்டும் புத்தி சொல்லிவிட்டு நான் தப்பிக்கக் கூடாது. அதே மாதிரிக் கல் ஒன்று எங்கள் நாகப்பட்டினத்துக் கடற்கரையிலும் வேண்டும். வாங்கிய இடத்தில் மட்டுமில்லை, ஏற்றிய இடத்திலும்தான்.

சுற்றுலா காலிமுகத்திடலில் முடிந்தது. கடல் காற்றில் நின்று இரண்டு பேரும் இறால் வடை சாப்பிட்டோம். காசு கொடுக்க அவர் விடவில்லை. "இந்தக் கடலுக்கு அந்தப் பக்கம்தானே தம்பி உங்க ஊரு?" என்று கேட்டார். காலிமுகத்திடல் பார்ப்பது மேற்கே, எங்கள் ஊர் வடக்கே. வரைபடப்படி அது தப்பு. நான் திருத்தவில்லை. ஆமாம் அண்ணா என்றேன்.