எஸ்.எம்.பி.எஸ்: அந்த 450 வாட் எங்கே போனது?

புதுசாக கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்கிறவர்கள் பிராசஸருக்கு ஒரு வாரம் யோசிப்பார்கள். மானிட்டருக்கு இரண்டு நாள். எஸ்.எம்.பி.எஸ்ஸுக்கு? "அது கேபினெட்டோடவே வருது தம்பி" என்று கடைக்காரர் சொன்னதும் தலையாட்டிவிட்டு வந்துவிடுவோம். ஜவ்வாது மலைப்பக்கம் எங்களைப் போன்ற வீடுகளில் ஒரு கம்ப்யூட்டர் என்பது சாமை, புளி விற்ற காசும் சீட்டு எடுத்த காசும் சேர்த்து வாங்குகிற பொருள். எரிந்துபோனால் அடுத்தது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே யாருமே கண்டுகொள்ளாத இந்தத் தகர டப்பாவின் கதையைக் கொஞ்சம் பார்ப்போம். கதை தெரிந்தால் கடையில் பாதி ஏமாற மாட்டோம்.

1977-ல் ஆரம்பிக்கலாம். அந்த வருடம் மார்ச் 10-ம் தேதி எங்கள் மலையில் காவலூர் வானாய்வகத்தின் 1 மீட்டர் தொலைநோக்கி, யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்துக் கடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தது. யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்று உலகத்துக்குத் தெரியவந்தது அந்த நிகழ்வில்தான். அதே வருடம் ஜூன் மாதம் அமெரிக்காவில் ஆப்பிள் 2 விற்பனைக்கு வந்தது. (இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. வருடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ள எனக்கு வசதி, அவ்வளவுதான்!)

ஆப்பிள் 2-க்குள் ராட் ஹோல்ட் என்ற பொறியாளர் வடிவமைத்த ஸ்விட்ச் மோட் பவர் சப்ளை இருந்தது. பழைய லீனியர் சப்ளையில் கனமான இரும்பு டிரான்ஸ்பார்மர் இருக்கும், பாதி மின்சாரம் சூடாகவே வீணாகும். ஸ்விட்ச் மோட் என்ன செய்கிறது? வீட்டு ஏ.சி. மின்சாரத்தை முதலில் டி.சி.யாக்கி, அதை நொடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டி அனுப்புகிறது. நொடிக்கு 50 தடவை அண்டாவில் தண்ணீர் தூக்குவதற்குப் பதிலாகப் பல்லாயிரம் தடவை டம்ளரில் தூக்குவது மாதிரி. டம்ளர் போதும் என்பதால் டிரான்ஸ்பார்மர் கைக்கு அடங்கிவிடுகிறது. இதை ஆப்பிள்தான் கண்டுபிடித்தது என்று சிலர் எழுதுகிறார்கள், அது சரியில்லை. விண்வெளிக் கருவிகளில் 1960-களிலேயே இந்த முறை இருந்தது. ஆப்பிள் அதை வீட்டு மேஜைக்குக் கொண்டுவந்தது.

1981-ல் வந்த ஐ.பி.எம். பி.சி.யின் சப்ளை வெறும் 63.5 வாட். 1983-ன் எக்ஸ்.டி.யில் 130, 1984-ன் ஏ.டி.யில் 192. இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அந்தக் காலத்துச் சிப்புகள் எல்லாம் 5 வோல்ட்டில் ஓடின. 12 வோல்ட் என்பது டிஸ்க் மோட்டாருக்கும் ஃபேனுக்கும்தான். ஆகவே சப்ளையின் பலம் பெரும்பாலும் 5 வோல்ட் பக்கம் இருந்தது, அதுவே நியாயம்.

1995-ல் இன்டெல் ஏ.டி.எக்ஸ். முறையைக் கொண்டுவந்தது. 3.3 வோல்ட் சேர்ந்தது, ஷட்டவுன் கொடுத்தால் கம்ப்யூட்டர் தானே அணைந்தது. (அதற்கு முன்பு "இனி நீங்கள் அணைக்கலாம்" என்று திரையில் எழுத்து வரும்வரை காத்திருந்து, பிறகு சுவிட்சை அமுக்க வேண்டும்.)

திருப்பம் 2000-ல், பென்டியம் 4 வடிவில் வந்தது. பிராசஸர் அதிக வாட் கேட்டது. 60 வாட்டை 5 வோல்ட்டில் அனுப்ப 12 ஆம்பியர் வேண்டும், 12 வோல்ட்டில் அனுப்ப 5 ஆம்பியர் போதும். ஒயர் சூடாகாது. ஆகவே 12 வோல்ட்டை மதர்போர்டு வரை கொண்டுவந்து, பிராசஸருக்குப் பக்கத்திலேயே இறக்கிக்கொள்ளும் வழக்கம் வந்தது. நான்கு முள் கொண்ட அந்தத் தனி இணைப்பு அப்போது பிறந்ததுதான். 2003-ல் வந்த ஏ.டி.எக்ஸ். 12 வோல்ட் 2.0 விதிமுறை, பெரும்பகுதி பலத்தை 12 வோல்ட்டுக்கே மாற்றிவிட்டது.

மலிவு எஸ்.எம்.பி.எஸ்ஸின் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. உள்ளே பழைய காலத்து டிசைன், வெளியே புது இணைப்புகள்! லேபிளில் பெரிய எழுத்தில் 450 வாட் என்று இருக்கும். கீழே பொடி எழுத்தில் 12 வோல்ட்டுக்கு நேராக 12 ஆம்பியர் என்று இருந்தால், 12 பெருக்கல் 12, மொத்தம் 144 வாட். இன்றைய கம்ப்யூட்டர் சாப்பிடுவது கிட்டத்தட்ட முழுவதும் இந்த 144-லிருந்துதான். மீதி 300 சொச்சம் 5 வோல்ட்டிலும் 3.3 வோல்ட்டிலும் சும்மா கிடக்கும், அதுவும் லேபிள் உண்மை பேசினால். நாங்கள் பி.காம். முதல் வருடத்தில் படித்த வாராக்கடன் மாதிரி. கணக்குப் புத்தகத்தில் சொத்து, கைக்கு வராது.

இந்தச் சரக்கு இங்கே ஏன் இவ்வளவு பரவியது? இந்தியா 1997-ல் தகவல் தொழில்நுட்ப வர்த்தக ஒப்பந்தத்தில் சேர்ந்தது. கம்ப்யூட்டர் சாமான்கள் மீதான சுங்க வரி படிப்படியாக இறங்கி, 2005-ல் பெரும்பாலானவற்றுக்குப் பூஜ்யமானது. ரிச்சி தெருவில் வாங்கி ஊரில் அசெம்பிள் செய்வது சாதாரணமானது. கேபினெட்டோடு இலவசம் என்றால் அந்தப் பொருளுக்குத் தனி விலை இல்லை. விலை இல்லாத பொருளின் தரத்தை யார் விசாரிப்பார்கள்? போதாக்குறைக்கு அதே 2000-களின் முற்பகுதியில் உலகம் முழுக்கக் கெபாசிட்டர்கள் உப்பி வெடித்தன. எலக்ட்ரோலைட் கலவையில் கோளாறு. பெரிய கம்பெனிகளின் மதர்போர்டுகளே தப்பவில்லை.

அப்புறம் தமிழ்நாட்டின் மின்வெட்டு. 2008-ல் தொடங்கி, 2012-ல் சென்னைக்கு வெளியே பல ஊர்களில் நாளுக்கு 12 மணி நேரத்துக்கும் மேல் கரண்ட் இல்லை. வீடுதோறும் இன்வெர்ட்டர் வந்தது அப்போதுதான். கரண்ட் போய் இன்வெர்ட்டர் எடுத்துக்கொள்ளும் அந்தக் கண்ணிமைக்கும் இடைவெளியைச் சப்ளைதான் தாங்க வேண்டும். ஏ.டி.எக்ஸ். விதிப்படி சுமார் 16 மில்லி செகண்ட் தாக்குப்பிடிக்க வேண்டும். அதற்கு உள்ளே பெரிய கெபாசிட்டர் வேண்டும், மலிவு ஆசாமிகள் முதலில் கை வைப்பது அதில்தான். இன்வெர்ட்டரின் பின்னால் யு.பி.எஸ். மோடு என்று ஒரு சுவிட்ச் இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள், மாறும் நேரம் சுமார் 10 மில்லி செகண்டாகக் குறையும்.

மலையில் இன்னொரு தொல்லை லோ வோல்டேஜ். டிரான்ஸ்பார்மரிலிருந்து தள்ளி இருக்கும் வீட்டில் சாயங்காலம் 230 என்பது பேச்சுக்குத்தான். பழைய டிசைன் சப்ளைகளில் 115, 230 என்று சிவப்பு சுவிட்ச் ஒன்று இருக்கும் (தெரியாமல் 115-க்குத் தள்ளினால் தீபாவளி). ஆக்டிவ் பி.எஃப்.சி. உள்ளவற்றில் அது இருக்காது. ஆனால் அதிலும் சில மாடல்கள் 200 முதல் 240 வரைதான். லேபிளில் 100 முதல் 240 வோல்ட் என்று இருப்பதைக் கேட்டு வாங்குங்கள். சதுர அலை இன்வெர்ட்டரோடு இவை சில சமயம் ஒத்துப்போகாது, சைன் வேவ் இன்வெர்ட்டர் நல்லது.

80 பிளஸ் முத்திரை 2004-ல் தொடங்கிய திட்டம். 20, 50, 100 சதவீத லோடுகளில் குறைந்தது 80 சதவீதத் திறன் வேண்டும். கரண்ட் பில் மிச்சமாகும் என்று சொல்லி விற்பார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 100 வாட் கேட்கும் வீட்டுக் கம்ப்யூட்டர், 65 சதவீதத் திறனில் 154 வாட் இழுக்கும், 82-ல் 122. தினம் 5 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 10 யூனிட் கூட மிச்சமில்லை. யூனிட் 5 ரூபாய் என்றே வைத்தாலும் வருடத்துக்கு 300 ரூபாய்க்குள். 1,500 ரூபாய் அதிகம் கொடுத்தால் திரும்ப 5 வருடம். அதிலும் 2016-லிருந்து வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசம், அதற்குள் அடங்குகிற வீட்டில் மிச்சமே இல்லை. ஆக பில்லுக்காக அந்த முத்திரை வேண்டாம். உள்ளே இருப்பதை ஒருவர் சோதித்துப் பார்த்திருக்கிறார் என்பதற்காக வேண்டும். கெட்ட சப்ளை போகும்போது மதர்போர்டையும் ஹார்ட் டிஸ்க்கையும் துணைக்கு அழைத்துப் போகக்கூடும்.

கிராபிக்ஸ் கார்டு இல்லாத வீட்டுக் கம்ப்யூட்டருக்கு 12 வோல்ட்டில் 25 ஆம்பியர் (அதாவது 300 வாட்) தரக்கூடிய ஒரு சப்ளை தாராளம். 600, 700 என்றெல்லாம் போக வேண்டியதில்லை. மிச்சக் காசில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் போடுங்கள். எர்த் இல்லாத வீட்டில் கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று இருக்கும். எஸ்.எம்.பி.எஸ்ஸின் ஃபில்டர் கெபாசிட்டர் வழியாகக் கசியும் கொஞ்சம் கரண்ட் போக வழியில்லாமல் தகரத்தில் நிற்பதுதான் காரணம். நல்ல சப்ளையிலும் இது நடக்கும். அதற்குக் கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை :-)