கழற்றினோம், மாட்டினோம்



மகள் வீட்டுக்கு ஒஹையோ வந்து இரண்டு மாதம் ஆகிறது. வீட்டைச் சுற்றி மூன்று ஏக்கர் நிலம். நம் பெரம்பலூர்ப் பக்கம் மூன்று ஏக்கர் என்றால் ஒரு குடும்பத்தின் சோறு. இங்கே முழுவதும் புல். அதை வெட்டுவதற்கென்றே ஒரு குட்டி டிராக்டர். "ரெண்டு ஆடு வாங்கிக் கட்டலாமே" என்று வந்த வாரமே கேட்டேன். மகள் முறைத்தாள். அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை.

போன சனிக்கிழமை மாப்பிள்ளை அந்த டிராக்டரிலிருந்து புல்வெட்டும் பகுதியைக் கழற்றினார். டார்ச் பிடித்தது நான். மோவர் டெக் என்கிறார்கள். கவிழ்த்து வைத்த பெரிய இரும்புத் தாம்பாளம் போல இருக்கும். உள்ளே மூன்று கத்திகள் மின்விசிறி மாதிரி சுழலும். நூறு கிலோவுக்கு மேல் எடை. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே, வண்டியின் வயிற்றுக்கடியில் தொங்குகிறது. கத்தி தீட்டவும், அடியில் காய்ந்து ஒட்டிய புல்லைச் சுரண்டவும், பனிக்காலத்தில் வேறு கருவி பூட்டவும் இதைக் கழற்றியாக வேண்டும்.

சமதளத்தில் வண்டியை நிறுத்தி, பிரேக் போட்டு, இன்ஜினை அணைத்து, டெக்கைத் தரையில் இறக்கிவிட்டார். பிறகு மல்லாந்து படுத்து வண்டிக்கடியில் போனார். இன்ஜினிலிருந்து கத்திக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டின் முனையில் ஒரு வளையம். அதைப் பின்னால் இழுத்துப் பிடித்தால் தண்டு கழன்று வரும். பிறகு முன் இணைப்பு, பின்னால் தூக்கு கைகளின் ஊசிகள். கடைசியில் முன் சக்கரத்தை ஒரு பக்கமாக முழுக்க ஒடித்து வைத்து, டெக்கைப் பக்கவாட்டில் இழுத்தோம். மொத்தம் முக்கால் மணி நேரம். மாப்பிள்ளை முழங்கையில் இரண்டு சிராய்ப்பு.

"இந்தக் காலத்திலுமா படுத்துக் கழற்ற வேண்டியிருக்கு?" என்று கேட்டேன். "அதான் மாமா எனக்கும் புரியல" என்றார். பள்ளிக்கூடத்து வாத்தியாருக்கு ஒரு கேள்வி கிடைத்தால் தூக்கம் வருமா? அன்றிரவு உட்கார்ந்து படித்ததைத்தான் இங்கே சொல்கிறேன்.

புல்வெட்டும் இயந்திரத்துக்கு வயது இருநூறை நெருங்குகிறது. இங்கிலாந்தில் ஸ்ட்ரவுட் என்ற ஊர். கம்பளித் துணி ஆலைகள் நிறைந்த பகுதி. துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் நூலிழைகளைச் சீராக வெட்ட உருளைக் கத்தி வைத்த பொறி ஒன்று அங்கே இருந்தது. எட்வின் பட்டிங் என்ற மெக்கானிக் அதைப் பார்த்துவிட்டு, இதையே புல்லுக்கும் வைத்தால் என்ன என்று யோசித்து 1830இல் காப்புரிமை வாங்கினார். அதை ஆள் தள்ள வேண்டும். டிராக்டர் வந்தது வெகு காலம் கழித்துத்தான்.

டிராக்டர் வந்தபோது அதைச் செய்தவர்கள் மனத்தில் இருந்தது குதிரை. குதிரையை அவிழ்த்துவிட்டு, அந்த இடத்தில் இரும்புக் குதிரையை நிறுத்தி, கலப்பையைப் பின்னால் சங்கிலியில் கட்டி இழுக்கவிட்டார்கள். ஆனால் மாடோ குதிரையோ கலப்பை கல்லில் மாட்டினால் நின்றுவிடும். இன்ஜின் நிற்காது. பின் சக்கரம் உருள வழியில்லாமல் போனால் வண்டியின் முன்பக்கம் மேலே எழும்பும். அப்படியே பின்னால் புரண்டு ஓட்டுபவர் மேல் விழும். 1917இல் வரத் தொடங்கிய ஃபோர்ட்சன் டிராக்டர் இதற்குப் பேர் போனது. மலிவான நல்ல வண்டி, ஆனால் அதில் ஏறிப் போய்த் திரும்பாதவர்கள் பலர்.

இதைத் தீர்த்தவர் ஹாரி ஃபெர்குசன். அயர்லாந்தின் டௌன் மாவட்டத்தில் 1884இல் பிறந்த விவசாயி மகன். வயல் வேலை பிடிக்காமல் மோட்டார் பட்டறைக்கு ஓடியவர். தானே விமானம் செய்து 1909 டிசம்பர் 31 அன்று அயர்லாந்தில் முதன்முதலாகப் பறந்தவர். முதல் உலகப் போரில் உணவுத் தட்டுப்பாடு வந்தபோது, நாட்டிலுள்ள டிராக்டர்கள் ஒழுங்காக உழுகின்றனவா என்று பார்க்கும் வேலையை அரசு இவரிடம் கொடுத்தது. ஊர் ஊராகச் சுற்றினார். கோளாறு இன்ஜினிலும் இல்லை, கலப்பையிலும் இல்லை; இரண்டையும் சேர்க்கும் இடத்தில்தான் இருக்கிறது என்று கண்டுகொண்டார்.

அவர் செய்தது இதுதான். கலப்பையை இழுத்துப்போகும் சுமையாக வைக்காமல் டிராக்டரின் உடம்போடு மூன்று இடங்களில் பிணைத்தார். கீழே இரண்டு கை, மேலே ஒரு கை. முக்காலி ஆடாது என்று வகுப்பில் சொல்வேனே, நினைவிருக்கிறதா? மூன்று புள்ளி கிடைத்தால் ஒரு பொருளின் இடம் உறுதியாகிவிடும். மண் கலப்பையை எதிர்க்கும்போது மேல் கை டிராக்டரை முன்னோக்கித் தள்ளும். அது முன் சக்கரம் எழும்பாமல் பார்த்துக்கொள்ளும். ஆளைக் கொன்ற அதே விசை இப்போது அவனைக் காப்பாற்றும் விசையாக மாறியது! எதிர்ப்பு கூடினால் ஹைட்ராலிக் தானாகவே கலப்பையைச் சற்று உயர்த்திவிடும். 1926இல் காப்புரிமை, 1936இல் டேவிட் பிரவுன் என்பவரோடு சேர்ந்து விற்பனைக்கு வண்டி.

இன்னொன்றும் நடந்தது. கருவியை மாட்டவும் கழற்றவும் ஒரே ஆள், சில நிமிடம் போதும் என்றாகிவிட்டது. 1939இல் ஃபோர்டோடு சேர்ந்து செய்த வண்டியை அமெரிக்காவில் அறிமுகப்படுத்தியபோது, எட்டு வயதுச் சிறுவனை ஓட்டவைத்து உழுது காட்டினார்கள். (வாத்தியாராக எனக்கு அதில் உடன்பாடில்லை. எட்டு வயதுப் பிள்ளைக்கு இடம் மூன்றாம் வகுப்பு.)

அந்தக் கூட்டு உருவான கதையும் வேடிக்கை. 1938இல் ஒஹையோவுக்கு அடுத்த மாநிலமான மிச்சிகனில், ஹென்றி ஃபோர்டின் தோட்டத்தில் ஃபெர்குசன் தன் டிராக்டரை ஓட்டிக் காட்டினார். இருவரும் கைகுலுக்கினார்கள். அவ்வளவுதான் ஒப்பந்தம். பத்திரம் இல்லை, கையெழுத்து இல்லை. 1947இல் ஃபோர்டு காலமானார். பேரன் கூட்டை முறித்துவிட்டு, அதே அமைப்பை வைத்துத் தனியாக வண்டி விற்றார். நான்கு ஆண்டு வழக்கு. 1952இல் 92.5 லட்சம் டாலர் கொடுத்து முடித்துக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு ஃபெர்குசன் தன் நிறுவனத்தை மாசி ஹாரிஸோடு இணைத்தார். மாசி ஃபெர்குசன் என்ற பெயர் அப்படி வந்ததுதான். அதே நிறுவனத்தோடு கூட்டு வைத்து 1960இல் சென்னையில் டாஃபே தொடங்கியது. நம் ஊர் வயலில் ஓடும் சிவப்பு டிராக்டரின் பின்னால் கல்டிவேட்டரைத் தூக்கிப் பிடித்திருக்கும் மூன்று கைகளும் அந்த அயர்லாந்துக்காரர் யோசித்தவை.

சரி, மாப்பிள்ளையின் கேள்விக்கு வருகிறேன். பின்னால் மாட்டுவது 1930களிலேயே எளிதாகிவிட்டது. ஆனால் புல்வெட்டும் டெக்கை நடுவில் தொங்கவிட்டால்தான் மேடு பள்ளத்துக்கு ஏற்ப ஒத்துப்போகும், திரும்பும்போது வெட்டு விடுபடாது, ஓட்டுபவர் கண்ணுக்கும் தெரியும். 1947இல் வந்த ஃபார்மால் கப் என்ற சிறு டிராக்டரின் வயிற்றுக்கடியிலும் புல்வெட்டி மாட்டினார்கள். 1969இல் ஜப்பானின் குபோட்டா தன் சிறு டிராக்டரை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தது. அதன் பிறகு இந்த அளவு வண்டிகள் வீட்டுக்கு வீடு பெருகின. முதுகுப் பக்கம் இடம் உண்டு, வயிற்றுக்கடியில் ஏது? அதனால் படுத்துத்தான் கழற்ற வேண்டும். டெக்கின் மேலேயே டிராக்டரை ஏற்றி ஓட்டினால் தானாக மாட்டிக்கொள்ளும் வகையும் இப்போது வந்திருக்கிறதாம். மாப்பிள்ளையின் வண்டி அதற்கு முந்தையது.

ஞாயிற்றுக்கிழமை மாட்டும் வேலை. டெக்கை உள்ளே தள்ளியாயிற்று, கைகளில் ஊசி போட்டாயிற்று. தண்டு மட்டும் உட்கார மறுத்தது. இரண்டு முனையிலும் பல் பல்லாக வெட்டியிருக்கும். அவை ஒன்றோடொன்று நேராக வந்தால்தான் ஏறும். மாப்பிள்ளைக்கு வியர்த்துவிட்டது. "மாமா, சாவி வண்டியிலதான் இருக்கு. ஒரு செகண்ட் ஸ்டார்ட் பண்ணி பி.டி.ஓவைத் தட்டினீங்கன்னா பல்லு மாறி உட்கார்ந்துடும்" என்றார். அவர் கை தண்டின் மேல் இருந்தது. பேத்தி பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒன்றியப் பள்ளியில் வேலை பார்த்தவனுக்குப் பி.டி.ஓ என்றாலே ஒன்றிய அலுவலகம்தான் நினைவுக்கு வரும். இது வேறு. இன்ஜினின் சுழற்சியை வெளியே எடுத்துக் கருவிக்குக் கொடுக்கும் தண்டு. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் 1918 வாக்கில் டிராக்டரில் இதை வைத்து விற்கத் தொடங்கியது. பின்பக்கத் தண்டின் வேகம் நிமிடத்துக்கு 540 சுற்று என்று பிறகு நிலைத்தது. வயிற்றுக்கடியில் இருப்பது 2000க்கும் மேல்.

ஐந்தாம் வகுப்புக் கணக்கு ஒன்று போடுவோம். நிமிடத்துக்கு 540 என்றால் நொடிக்கு 9 சுற்று. தண்டின் விட்டம் 7 சென்டிமீட்டர் என்றால் சுற்றளவு 22. ஒன்பதால் பெருக்குங்கள், 198. ஒரே நொடியில் ஏறக்குறைய இரண்டு மீட்டர் துணியை அது சுற்றி இழுத்துவிடும். ஒரு லுங்கி. தோளில் போடும் துண்டு அதைவிடக் குறைவு. "ஐயோ" என்று சொல்லி முடிக்கும் முன் துணி தீர்ந்து கை வந்துவிடும்.

இந்தக் கணக்கை நான் புத்தகத்தில் படித்துப் போடவில்லை. என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன் ஒருவன். வகுப்பிலேயே அழகான கையெழுத்து. வருகைப் பதிவேட்டில் பெயர்களை அவனை விட்டுத்தான் எழுதச் சொல்வேன். படிப்பு எட்டாவதோடு நின்றது. ஒரு தை மாதம், மக்காச்சோளம் அடிக்கும் மிஷினில் கூலி வேலை. தண்டின் மேல் இருக்க வேண்டிய பிளாஸ்டிக் உறையைக் கிரீஸ் வைக்க இடைஞ்சல் என்று யாரோ எடுத்துப் போட்டிருக்கிறார்கள். குனிந்தான். தோள் துண்டு நழுவியது. வலது கை முழங்கைக்கு மேலேயே போய்விட்டது. மருத்துவமனையில் நான் போய் நின்றபோது, "சார், இனி எழுத முடியாதுல்ல" என்று கேட்டான். நான் பதில் சொல்லவில்லை. இப்போது இடது கையால் எழுதுகிறான், கடை வைத்திருக்கிறான். இந்தப் பதிவையும் படிப்பான். எழுதட்டுமா என்று கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "பேரு மட்டும் போடாதீங்க சார்" என்றான்.

மாப்பிள்ளையிடம் இதையெல்லாம் அப்போது சொல்லவில்லை. வண்டியிலிருந்து சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். "மாமா..." என்று இழுத்தார். "கையுறையைப் போட்டுக்கிட்டு கீழே கத்தியைக் கொஞ்சம் திருப்புங்க. அது திரும்பினா மேலே பல்லும் திரும்பும்" என்றேன். பேத்தியைத் திண்ணைப் பக்கம் போகச் சொன்னேன். நான்கைந்து தடவை திருப்பியதும் தண்டு வழுக்கி உள்ளே போனது; வளையம் 'டக்' என்று பூட்டியது. பிடித்து இழுத்துப் பார்த்தோம், வரவில்லை. எல்லாரும் வீட்டுக்குள் போய்க் காபி குடித்தோம். அதற்குப் பிறகுதான் சாவியைக் கொடுத்தேன், கதையையும் சொன்னேன்.

டிராக்டர் வைத்திருக்கும் மாணவர்கள் பத்துப் பதினைந்து பேராவது இதைப் படிப்பீர்கள். உங்கள் வண்டியிலும் மிஷினிலும் தண்டின் மேல் உறை இருக்கிறதா? நாளைக் காலையில் போய்ப் பார்த்துவிட்டுக் கீழே எழுதுங்கள். இல்லை என்றாலும் எழுதுங்கள். திட்ட மாட்டேன், போனில் கூப்பிடுவேன்.