ஆவிரையும் பாலாற்றங்கரையும்

செடிகளை நடுதற்குரிய பருவம் யாது என்னும் வினாவிற்கு ஒவ்வொரு நாடும் தன் நிலத்தை நோக்கியே விடை கூறுகின்றது. குளிர்நாட்டார், மண் உறைந்து இறுகாத மென்பனி நாள்கள் வாய்க்குமாயின், அவற்றைப் பயன்கொண்டு பல்லாண்டு வாழும் செடிகளை நடுவர். வேலூர், ஆம்பூர்ப் பகுதியில் மண் உறைதல் என்பதே இல்லை. கூதிர் எனப்படும் ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் மழை பெய்கின்றது. முன்பனி எனப்படும் மார்கழி, தைத் திங்கள்களில் அவ்வீரம் மண்ணில் தங்குகின்றது. கோடை வருமுன் வேர் ஊன்றுதற்கு இதனினும் ஏற்ற காலம் பிறிதில்லை. இப்பருவத்தோடும் இந்நிலத்தோடும் நெருங்கிய உறவுடைய செடி ஒன்று உண்டு. மக்கள் ஆவாரை என வழங்கும் ஆவிரையே அது. அதன் வரலாற்றை இலக்கிய நூலார் ஒருபுறமும் தொழில் நூலார் மறுபுறமும் கூறினரேயன்றி, இரண்டையும் இணைத்து நோக்கினார் சிலரே.

ஆவிரையைச் சங்கப் புலவர் நன்கு அறிந்திருந்தனர். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் தொகுத்துரைக்கும் மலர்களுள் இதுவும் ஒன்று. எனினும் இதற்குத் தனிச்சிறப்பு அளித்தது மடலேறும் துறையே. குறுந்தொகை 173ஆம் பாட்டில் பனைமடலாற் செய்த குதிரைக்கு ஆவிரை மாலை அணியப்படுகின்றது. கலித்தொகையின் நெய்தற்கலியில் ஆவிரை, பூளை, எருக்கு ஆகியன ஒருங்கே பேசப்படுகின்றன. நாண் துறந்து ஊர்நடுவே வரும் தலைவன், மனைத்தோட்டத்தில் நீர் வார்த்து வளர்த்த மலரைச் சூடினானல்லன். வறள் நிலத்தில் தானே வளர்ந்த பூவைச் சூடினான் என்பது ஈண்டு நோக்கற்பாலது.

அப்பூக்களுள் இரண்டு இன்றும் ஒருங்கே வழங்குகின்றன. கொங்கு நாட்டிலும் அதனை அடுத்த ஊர்களிலும் தைப்பொங்கலுக்கு முன் மனையிலும் வயலிலும் காப்புக் கட்டுவர். அக்காப்பில் ஆவாரம்பூவும் சிறுபீளை எனப்படும் பூளையும் வேப்பிலையோடு சேர்ந்து இடம்பெறுகின்றன. அன்று நாணிழந்தோன் அடையாளமாயிருந்தவை இன்று மங்கலப் பொருள்களாயின. இவ்விரு வழக்கிற்கும் நேரிய தொடர்பு உண்டெனத் துணிதற்குச் சான்று போதாது. ஆயினும், மழைக்குப்பின் பனிக்காலத்தில் ஆவிரை மிகுதியாகப் பூத்தலும், அதனை எவரும் விலையின்றிப் பறித்துக்கொள்ளுதலும் இரண்டிற்கும் பொதுவாகும்.

புலவர் பூவைக் கண்டனர். தோல் பதனிடுவோர் பட்டையைக் கண்டனர். ஆவாரம்பட்டையில் தோலைப் பதப்படுத்தும் துவர்ப்பொருள் ஏறத்தாழ 15 முதல் 20 விழுக்காடு வரை உண்டு. சுண்ணாம்பு நீரில் ஊறி மயிர் நீங்கிய தோலைப் பட்டைச்சாற்றில் இட்டு வைப்பர். ஆவிரையால் பதப்பட்ட தோல் வெயிலிற் சிவக்கும் இயல்பினது. அதனைத் தடுக்கக் கடுக்காய்ச் சாற்றிலும் தோய்ப்பர். 19ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்தினின்றும் இலண்டனுக்குச் சென்ற அரைப்பதத் தோல்களுக்குப் புகழ் தேடித் தந்தது இம்முறையே. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் தோல் வாணிகம் இப்பட்டையைச் சார்ந்தே வளர்ந்தது. தொழில் இத்துணைப் பெருகியும் அதற்கு வேண்டிய பட்டை பெரும்பாலும் தானே முளைத்த புதர்களிலிருந்தே வெட்டப்பட்டது.

20ஆம் நூற்றாண்டில் இந்நிலை மாறியது. தென்னாப்பிரிக்காவின் வாட்டில் மரப்பட்டை கப்பலேறி வந்து ஆவிரையின் இடத்தைப் பற்றியது. குரோமிய உப்பாற் பதனிடும் முறையும் பரவியது. 1912இல் தோன்றிய குரோம் தோல் தொழிற்சாலையால் சென்னையை அடுத்த ஊர் ஒன்று குரோம்பேட்டை எனப் பெயர் பெற்றமை இம்மாற்றத்தின் சுவடாகும். பன்னாள் எடுத்த வேலை சில நாளில் முடிந்தது. ஆவிரையின் தேவையும் குறைந்தது.

இதன் விளைவைப் பாலாறு அறியும். 1996 ஆகஸ்டு 28இல் வேலூர்க் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. தோல் தொழில் நிகழும் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முற்றிலுமோ ஒரு பகுதியோ பயிர்க்கு உதவாதாயிற்று என்னும் ஆய்வுச் செய்தி அத்தீர்ப்பில் இடம்பெற்றது. மாசு செய்தவரே ஈடு செய்தல் வேண்டும் என்னும் நெறியும் அதனால் நாட்டின் சட்டமாக நிலைபெற்றது. இது கொண்டு பழைய முறை குற்றமற்றது எனக் கருதுதல் பொருந்தாது. பட்டைச்சாற்றுக் கழிவும் நீரைக் கெடுக்க வல்லதே. ஆவிரையை நட்ட அளவில் நஞ்சேறிய மண் தூயதாகிவிடும் என்று கூறுதலும் ஆராய்ச்சி நெறிக்கு ஒவ்வாது.

எனின், இன்று ஆவிரையை நடுதலாற் பயன் யாது? அது வறட்சி தாங்கும், வெட்டத் தளிர்க்கும், ஆழ வேரூன்றி மண்ணைக் காக்கும். விதையின் தோல் கடியது ஆதலின், வெந்நீரில் ஊறவைத்து மழைக்காலத்தில் விதைத்தல் வேண்டும். கன்றாயின் மழை ஓய்ந்த முன்பனியிலும் நடலாம். சித்திரை வெயில் வருமுன் வேர் இறங்கிவிடும். இவை சிறு பயன்களே. ஆயினும், ஈராயிரம் ஆண்டாகப் பூவையும், பின்னர்ப் பட்டையையும் இச்செடியினின்றும் பெற்ற நாம் அதற்குத் திருப்பித் தந்தது மிகச் சிறிதே.

உரைகளில் ஆவிரை என்பதற்கு ‘ஒருவகைப் பூ’ எனப் பொருளெழுதி அமைந்துவிடுகின்றோம். அச்சொல்லின்கீழ் ஒரு நிலத்தின் தொழிலும் வாழ்வும் அடங்கியிருத்தலை மாணாக்கர்க்கு உணர்த்துதல் நம் கடன். குறுந்தொகை கற்பிக்கும் வகுப்பு முன்பனிக் காலத்தில் நிகழுமாயின், மாணாக்கரை ஒருநாள் பாலாற்றங்கரைக்கு அழைத்துச் செல்லலாம். பாட்டில் உள்ள பூவையும், பட்டை உரிக்கப்பட்ட கிளையையும், ஆற்றின் நிலையையும் அவர்கள் ஒருங்கே காண்பராயின், அதுவே சிறந்த உரையாகும்.