பாலக்காட்டுத் தோல்வியும் கோவை வெற்றியும்

வாளையாற்றுக்கு இப்பாலும் அப்பாலும் உற்றாரைக் கொண்டு வாழும் நமக்கு எல்லை என்பது ஒரு சோதனைச் சாவடியே அன்றி, உறவை அறுக்கும் கோடு அன்று. கணவாய் வழியே காற்று போய்வருவது போலக் கால்பந்தும் போய்வந்திருக்கிறது. அவ்வரலாற்றில் அடுத்தடுத்த இரு பருவங்களில் நடைபெற்ற இரண்டு இறுதியாட்டங்களை ஈண்டு எண்ணிப் பார்க்க விழைகிறோம். ஒன்று பாலக்காட்டில் நடந்தது, மற்றொன்று கோவையில்.

மாநில அணிகள் மோதும் சந்தோஷ் கோப்பைப் போட்டி 1941ஆம் ஆண்டில் தொடங்கிற்று. கேரளம் அதனை முதன்முதலாக வென்றது 1973 டிசம்பரில், எறணாகுளத்தில். இரயில்வே அணியை 3-2 என வீழ்த்திய அவ்வாட்டத்தில் மூன்று கோல்களையும் அடித்தவர் அணித்தலைவர் டி. கே. எஸ். மணி. பின்னர் அவர் 'கேப்டன் மணி' என்றே வழங்கப்பட்டார். ஆனால் அவ்வணியைப் பயிற்றுவித்தவர் தமிழகத்தைச் சேர்ந்த சைமன் சுந்தரராஜ் என்பதை நம்மவரில் எத்தனை பேர் அறிவர்? 1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் பெரு நாட்டிடம் இந்தியா 1-3 என்று தோற்றபோது, அந்த ஒரு கோலை அடித்தவர் அவரே. அதன்பின் இந்தியக் கால்பந்து அணி ஒலிம்பிக் களத்தை மிதிக்கவில்லை. ஆகவே ஒலிம்பிக்கில் இந்தியா அடித்த கடைசிக் கோல் இன்றளவும் ஒரு தமிழருடையது. இதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்பதில் தவறில்லை.

முதல் வெற்றிக்குப் பின் கேரளம் நெடுங்காலம் காத்திருந்தது. 1988 முதல் நான்கு பருவங்கள் தொடர்ந்து இறுதியாட்டத்திற்கு வந்தும் கோப்பை கைக்கு எட்டவில்லை. கொல்லத்தில் பஞ்சாபிடமும், கௌகாத்தியில் வங்காளத்திடமும் தோற்றது. அவ்விரண்டும் பெனால்டி உதைகளில் நழுவியவை. மட்காவில் கோவாவிடம் தோற்றது. நான்காவது, 1990-91ஆம் பருவத்து இறுதியாட்டம், நம் பாலக்காட்டில். சொந்த மண், மகாராட்டிரத்திடம் 0-1. ஒரே ஒரு கோல்!

இத்தகைய வேளையில் பழி யார் தலையில் விடியும் என்பதை நாம் அறிவோம். அயல்நாட்டுக் கழகங்களில் தொடர்ந்து சில ஆட்டங்கள் தோற்றால் பயிற்சியாளரை வெளியேற்றுவது வழக்கமாகிவிட்டது. அங்கே அவருக்கு ஆட்டக்காரரை விலை கொடுத்து வாங்கும் வாய்ப்பாவது உண்டு. நம் மாநில அணியின் பயிற்சியாளருக்கு அதுவும் இல்லை. ஆட்டக்காரர் பலரும் காவல்துறை, வங்கி, மின்வாரியம் என வேறு வேறு இடங்களில் பணிபுரிவோர். முகாமில் சில வாரங்களே அவர் கையில் இருப்பர். தேர்வு, இட அமைப்பு, ஊக்கம் ஆகிய மூன்றைத் தவிர வேறு கருவி அவருக்கு ஏது?

தோல்விக்குப்பின் பொறுமை காட்டினால் என்ன விளையும் என்பதற்கு ஹைதராபாத் பள்ளி ஆசிரியர் சையது அப்துல் ரஹீம் சான்று. 1952இல் ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் அவர் பயிற்றிய இந்திய அணி, பலர் வெறுங்காலுடன் ஆடி, யூகோஸ்லாவியாவிடம் 1-10 என்று தோற்றது. அதற்காக அவரை விரட்டிவிட்டிருந்தால் 1956இல் மெல்போர்னில் கிட்டிய நான்காம் இடம் எங்கே? 1962இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் தோற்று, அதே கொரியாவை இறுதியில் 2-1 என வென்று பெற்ற தங்கம் எங்கே? தலையில் காயம்பட்ட தற்காப்பு வீரர் ஜர்னைல் சிங்கை முன்னணியில் நிறுத்தியது ரஹீமின் துணிவு. அவரே இறுதியாட்டத்தில் ஒரு கோல் அடித்தார். அப்போது ரஹீமைப் புற்றுநோய் அரித்துக்கொண்டிருந்தது. 1963 ஜூனில் அவர் காலமானார்.

கேரளத்திலும் அணியைக் கலைக்கவில்லை என்பதே நாம் கவனிக்க வேண்டியது. அக்காலத்து அணிகளின் முதுகெலும்பு கேரளக் காவல்துறை ஆட்டக்காரர்கள்: வி. பி. சத்யன், சி. வி. பாப்பச்சன், ஷரஃபலி, குரிகேஷ் மாத்யூ முதலியோர். காவல்துறை அணி 1990இலும் 1991இலும் ஃபெடரேஷன் கோப்பையை வென்றது. நிலையான வேலை, ஒன்றாக உண்டு உறங்கிப் பழகிய நட்பு இரண்டும் அவர்க்கு இருந்தன. இடுக்கி மாவட்டத்து மூணாற்றில் ஃபின்லே கேடயத்திற்காகத் தேயிலைத் தோட்ட அணிகள் ஆடுவதைக் கண்ட நம்மவர்க்கு இது விளங்கும். ஒரே லயத்தில் வாழ்ந்து, ஒரே மலையில் உழைப்பவன் தோழன் எந்தப் பக்கம் ஓடுவான் என்பதைத் திரும்பிப் பாராமலே அறிவான். எந்த முகாமும் அதைச் சில வாரங்களில் கற்பித்துவிட முடியாது.

1991-92ஆம் பருவத்தில் போட்டி கோவைக்கு வந்தது. பாலக்காட்டிலிருந்து ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். அணித்தலைவர் சத்யன், பயிற்சியாளர் டி. ஏ. ஜாஃபர். இந்த ஜாஃபர் யாரெனில், 1973இல் சுந்தரராஜிடம் பயின்று கோப்பை வென்ற அணியின் துணைத்தலைவர். தமிழர் ஒருவரிடம் கற்றவர் தமிழ்நாட்டு மண்ணிலேயே கோவாவை 3-0 என்று வென்று கோப்பையைக் கேரளத்துக்கு எடுத்துச் சென்றார். மட்காவில் தங்களைத் தோற்கடித்த அதே கோவாவை என்பதையும் மறத்தற்கில்லை.

அடுத்த பருவத்தில் ஜாஃபரின் அணி, குரிகேஷ் மாத்யூவின் தலைமையில், மகாராட்டிரத்தை 2-0 என வென்றது. பாலக்காட்டுக் கடன் அவ்வாறு தீர்ந்தது. நடந்த இடம் எறணாகுளம்; ஜாஃபர் ஆட்டக்காரராய்க் கோப்பையை வென்ற ஊர்.

சத்யன் பிற்காலத்தில் சென்னைக்கு வந்து இந்தியன் வங்கி அணியில் ஆடினார்; அதன் பயிற்சியாளராகவும் இருந்தார். 2006 ஜூலையில் அந்நகரிலேயே மறைந்தார். வயது நாற்பத்தொன்று. 1994இல் கட்டாக்கில் ஏழாம் முறையாகத் தொடர்ந்து இறுதிக்கு வந்த கேரளம் வங்காளத்திடம் தோற்றது. அடுத்த கோப்பைக்கு 2002 வரை காத்திருந்தது.