குப்பி விளக்கின் கதை

நம் சமையலறைத் தட்டுகளில் அடுக்கி வைக்கப்பட்டுள்ள கலங்களைச் சற்று உற்று நோக்குவோமானால், அவற்றுள் பல, இன்று ஆற்றும் பணிக்கென்று வாங்கப்பட்டவை அல்ல என்பது விளங்கும். மாப்பால் வந்த பேணியில் மிளகாய்த்தூள் இருக்கிறது. பழப்பாகு வந்த போத்தலில் கடுகு இருக்கிறது. உள்ளே இருந்த பண்டம் தீர்ந்த பின்னரே அந்தக் கலத்தின் நீண்ட வாழ்வு தொடங்குகிறது. அரசர்களின் செப்பேடுகளையும் கோட்டைகளையும் ஆராயும் வரலாற்று ஆசிரியர்கள் இந்தப் போத்தல்கள் பக்கம் பெரும்பாலும் திரும்புவதில்லை. ஆயினும் நம் இலங்கைத் தீவில், உண்டு முடித்த ஒரு போத்தல் வெளிச்சத்தையும் தந்திருக்கிறது, உயிர்களையும் குடித்திருக்கிறது, பின்னர் உயிர்களைக் காத்தும் இருக்கிறது. அந்தக் கதையைச் சொல்வதே நம் நோக்கம்.

முதலில் வந்தது தகரம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மண்ணெண்ணெய் சதுரத் தகரங்களில் அடைக்கப்பட்டு, இரண்டு தகரம் ஒரு மரப்பெட்டியாகக் கீழைத்தேயத் துறைமுகங்களுக்கெல்லாம் வந்து இறங்கிற்று. எண்ணெய் தீர்ந்ததும் தகரத்தின் வாயை வெட்டி, குறுக்கே ஒரு கட்டையை அறைந்தால் அது தண்ணீர் வாளி. வெட்டித் தட்டி நிமிர்த்தினால் கூரை. டின்பாலும் சிகரெட்டும் வந்த பேணிகளோ அளவைகளாயின. பேணிக் கணக்கில் அரிசி அளந்து உலையிலிட்ட தலைமுறையினர் இன்னும் நம்மிடையே உள்ளனர். சுண்டு என்ற பழைய அளவை இருந்த இடத்தில் வெளிநாட்டுப் பேணி வந்து அமர்ந்துகொண்டதை எவரும் படையெடுப்பென்று கருதவில்லை!

தகரத்தின் வழியே வந்த எண்ணெயை எரிப்பதற்கு விளக்கு வேண்டுமல்லவா? கண்ணாடிச் சிமினி பொருத்திய மேசை விளக்கும், காற்றுக்கு அணையாத அரிக்கன் இலாந்தரும் கடைகளில் இருந்தன. அவற்றை வாங்க இயலாத வீடுகளில் மருந்துக் குப்பியோ சாராயப் போத்தலோ விளக்காயிற்று. மூடியில் ஒரு துளை, துளையில் ஒரு தகரக் குழல், குழலில் ஒரு திரி. வேலை அவ்வளவே. குப்பி என்ற நம் சொல் சிங்களத்திலும் புழங்குகிறது; அவர்களும் அதனைக் குப்பி லாம்பு என்றே அழைத்தனர். மொழியால் பிரிந்து நின்ற இரு வறுமைகளுக்கு இந்த ஒரு சொல் பொதுவாக இருந்தது.

அந்த விளக்கின் குறை அதன் உருவத்திலேயே இருந்தது. உயரமான, எடை குறைந்த போத்தல், ஒடுங்கிய அடி, அழுத்தமாகப் பூட்டாத மூடி. பூனை தட்டினாலும், உறங்கும் குழந்தையின் கை பட்டாலும் அது சாயும். சாய்ந்ததும் மூடி கழன்று எண்ணெய் கொட்டும். கொட்டிய எண்ணெயைத் தேடித் தீ செல்லும். ஓலைக் குடிசையும் செயற்கை நூலாடையும் அதற்கு மேலும் துணை நின்றன. தீக்காயப் பிரிவுகளுக்குக் கொண்டுவரப்பட்டவர்களுள் பெண்களும் குழந்தைகளும் மிகுதி. ஏனெனில் விளக்குக்கு அருகில் இருந்து சமைத்தவர்களும் படித்தவர்களும் அவர்களே.

இனி வடக்கின் கதைக்கு வருவோம். 1990ஆம் ஆண்டு யூன் மாதம் போர் மீண்டும் மூண்டபோது யாழ்ப்பாணக் குடாநாடு மின்சாரத்தை இழந்தது. பொருளாதாரத் தடையினால் எரிபொருளும் மெழுகுதிரியும் மின்கலமும் அரும்பொருள்களாயின. எஞ்சிய மண்ணெண்ணெய்க்கு உரிமை கோரியவர்களும் பலர். பெற்றோல் இல்லாமையால் மோட்டார் சைக்கிள்களும் கார்களும் அந்த மண்ணெண்ணெயிலேயே ஓடின. வயலுக்கு நீர் இறைக்கும் இயந்திரமும் அதையே கேட்டது. விளக்குக்கென்று வீட்டில் மிஞ்சியது சில கரண்டிகள்தாம். அந்தச் சில கரண்டி எண்ணெயில் ஒரு மாணவன் இரவில் சில மணி நேரமாவது படிக்க வேண்டும். இந்தக் கணக்குக்கு விடையாக வந்ததே ஜாம் போத்தல் விளக்கு.

அதன் அமைப்பைச் சற்று விரித்துரைப்பது தகும். இன்றைய பிள்ளைகள் அதனைக் கண்டிருக்க மாட்டார்கள். சிறிய ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை அடைப்பர். பஞ்சு நனையும் அளவுக்கே மண்ணெண்ணெய் விடுவர். துவிச்சக்கரவண்டிச் சில்லின் வால்வுக் குழலை எடுத்து, அதனூடாக மெல்லிய நூல் திரியைச் செலுத்திப் பஞ்சின் மேல் நிறுத்துவர். சுடர் போத்தலுக்கு வெளியே அன்றி உள்ளேயே எரியும்; போத்தலின் சுவரே சிமினியாகிக் காற்றைத் தடுக்கும். திரி சிறிது, ஆதலால் சுடரும் சிறிது, எண்ணெய்ச் செலவும் சிறிது. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் புத்தகத்தை அதன் ஓரத்தில் ஒட்டி வைத்துப் படித்தனர். ஒரு விளக்கைச் சுற்றி ஒரு வீடே அமர்ந்தது.

இங்கே நம்மை வியக்க வைப்பது சிக்கனம் மாத்திரமன்று. எண்ணெய் பஞ்சில் ஊறி நின்றமையால், போத்தல் சாய்ந்தாலும் கொட்டுவதற்கு அதில் எதுவும் இல்லை. பழைய குப்பி விளக்கின் கொலைக் குணத்தைப் பஞ்சு தணித்துவிட்டது. இதனைக் கண்டுபிடித்தவர் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. தட்டுப்பாடே அதன் ஆசிரியர் என்று சொல்லத் தோன்றுகிறது. ஆயினும் தட்டுப்பாட்டைப் புகழ்வதற்கு நமக்கு மனம் வரவில்லை. அந்த ஒளியில் கண்ணைக் கசக்கிக்கொண்டு படித்தவர்கள், 1995 ஒக்டோபர் இறுதியில் ஒரே இரவில் ஊர் முழுவதும் பெயர்ந்தபோது, போத்தலையும் புத்தகத்தையும் விட்டுவிட்டு நடந்தார்கள்.

அதே ஆண்டுகளில் தெற்கில் வேறொருவர் இதே சிக்கலோடு போராடிக்கொண்டிருந்தார். அவர் அறுவை மருத்துவர் விஜய கொடகும்புர. குப்பி விளக்கினால் எரிந்தவர்களைத் தைத்தும் கட்டியும் அனுப்புவதோடு தம் கடமை முடிந்ததென்று அவர் எண்ணவில்லை. சாயாத விளக்கொன்றைச் செய்ய முனைந்து, பல வகைப் போத்தல்களை ஆராய்ந்தார். அவருக்கு வழி காட்டியது உண்டு முடித்த மார்மைட் போத்தல். குட்டை, பருமன், கனம். தட்டினால் ஆடுமேயன்றி விழாது.

மார்மைட்டின் வரலாறும் சுவையானதே. மதுவடிக்கும் ஆலைகளில் கழிவாகத் தள்ளப்பட்ட ஈஸ்டிலிருந்து அது செய்யப்படுகிறது. 1902இல் இங்கிலாந்தின் பேர்ட்டன் நகரில் அதற்கென நிறுவனம் தோன்றிற்று. மார்மைட் என்பது பிரெஞ்சு மொழியில் மூடியுள்ள சமையற் பானையைக் குறிக்கும் சொல். தொடக்கத்தில் மண் சாடிகளில் விற்கப்பட்டு, 1920களில் கண்ணாடிப் போத்தலுக்கு மாறியது. அதன் பருத்த வயிற்றில் அந்தப் பானையின் சாயலைக் காணலாம். நம் நாட்டில் 1934, 1935ஆம் ஆண்டுகளின் கொடிய மலேரியாக் காலத்தில், நிவாரணத்துக்குச் சென்ற சூரியமல் இயக்கத்தினர் அதனைச் சிறு குளிகைகளாக உருட்டிச் சத்துக் குறைந்த கிராமத்தவர்க்குக் கொடுத்தனர். ஆகவே, ஆலைக் கழிவு உணவாகி, உணவு மருந்தாகி, இறுதியில் அதன் வெறும் போத்தல் ஒரு மருத்துவரின் கையில் விளக்குக்கு மாதிரியாயிற்று.

கொடகும்புர அமைத்த விளக்குக்கு 'சுதீப' என்று பெயர். நல்ல விளக்கு என்பது பொருள். போத்தல் குட்டையாகவும் கனமாகவும் இருந்தது. இரு பக்கமும் தட்டையாதலால் தப்பித் தவறிச் சாய்ந்தாலும் உருளாது. திருகிப் பூட்டும் உலோக மூடியாதலால் எண்ணெய் கொட்டாது. உடைந்த பழைய கண்ணாடியை உருக்கியே அதனை வார்த்தனர். விலையும் ஏழைக்கு எட்டுவதாக இருந்தது. 1998இல் ரோலெக்ஸ் விருது அவருக்குக் கிடைத்தபின் உலகம் அதனை அறிந்தது. இலட்சக்கணக்கில் அவ்விளக்குகள் வீடுகளுக்குச் சென்றன. வடக்கின் பஞ்சும் தெற்கின் திருகு மூடியும் ஒரே தீயை எதிர்த்து நின்றன; ஒன்றை ஒன்று அறிந்திருந்தனவா என்பது வேறு.

2010களின் நடுப்பகுதிக்குள் நாட்டின் வீடுகளில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் மின்சாரம் எட்டிவிட்டது. குப்பி விளக்கு பல்கலைக்கழக மாணவர் நாவில் மட்டும் தங்கிற்று. மூத்த மாணவர் இளையோருக்கு இரவில் கற்பிக்கும் வகுப்பைக் குப்பி என்கிறார்களே, அது இவ்விளக்கால் வந்த பெயர் என்பர். பிறகு 2022 வந்தது. மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்சாரம் நின்றது. மண்ணெண்ணெய்க்கும் வரிசை நீண்டது. பழைய போத்தலைத் தேடித் தட்டுகளைத் துழாவிய கைகள், முப்பதாண்டுக்கு முன் கற்ற பாடத்தை மறந்திருக்கவில்லை.

ஆனால் தட்டில் இப்போது இருப்பவை பெரும்பாலும் வேறு கலங்கள். 2017 ஏப்ரலில் கொழும்பின் மீதொட்டமுல்லையில் குப்பை மேடு சரிந்து 30க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவ்வாண்டு செப்டெம்பரில் ரெஜிபோம் உணவுப்பெட்டியும் லஞ்ச் சீற்றும் தடைசெய்யப்பட்டன. அவை இருந்த இடத்துக்கு மூடியோடு கூடிய மெல்லிய பிளாஸ்டிக் பெட்டிகள் வந்தன. நம் இல்லத்தரசிகள் அவற்றையும் எறிவதில்லை. கழுவிக் கவிழ்த்து, கருவேப்பிலைக்கும் பூண்டுக்கும் நூற்கண்டுக்கும் கொடுக்கிறார்கள். தயிர்க் கோப்பையில் கத்தரி நாற்று வளர்கிறது. சூடு பட்டால் நெளியும் அந்தப் பெட்டிகளில் திரி வைக்க இயலாது. மார்மைட் போத்தல் மட்டும் இன்னும் சில வீடுகளில் கழுவப்பட்டு, மூடி தனியாகவும் போத்தல் தனியாகவும், தட்டின் பின்வரிசையில் நிற்கிறது.